தூக்குத் தீர்ப்புக்குப் பிறகும் வழக்கு இருக்கிறது

1994இல் புனேயில் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2000இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. பல ஆண்டுகள் கழித்து, சம்பவத்தின்போது தான் சிறுவன் என்று அவர் மனுப் போட்டார். ராஜஸ்தானின் பீகானேர் மாவட்டத்தில் அவர் படித்த அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு தேடி எடுக்கப்பட்டது. பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. அதாவது, சம்பவத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டரை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். சிறார் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.

மரண தண்டனைச் சட்டம் பெரும்பாலும் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம். 1980இல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோல் வந்தது. அதன்பின் வந்த பல முக்கியத் தீர்ப்புகள், முன்பு அடைபட்ட ஏதோ ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. அது திறந்திருப்பது தெரியாத குடும்பம் வெளியிலேயே நிற்கிறது.

கடலூர் மாவட்டத்தில் 2009இல் ஒரு சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். குற்றவாளியின் மேல்முறையீடும் சீராய்வு மனுவும் 2013இல் தள்ளுபடியாயின. அன்றைய வழக்கப்படி சீராய்வு மனுவை நீதிபதிகள் தங்கள் அறைக்குள்ளேயே படித்து முடிவெடுப்பார்கள். 2014இல் முகமது ஆரிப் வழக்கின் தீர்ப்பு அதை மாற்றியது: தூக்கு வழக்கின் சீராய்வு மனுவைக் குறைந்தது மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில், வாதம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த வாசல் வழியே கடலூர் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. சிறையில் அவர் நடந்துகொண்ட விதம், உடல்நிலை, அங்கே படித்துப் பெற்ற டிப்ளமா ஆகியவை கவனத்துக்கு வந்தன. 2023 மார்ச்சில், தூக்குக்குப் பதிலாக, குறைந்தது 20 ஆண்டுகள் தண்டனைக் கழிவு இல்லாத ஆயுள் சிறை என்றானது. குற்றவாளி என்ற முடிவு மட்டும் மாறவில்லை. சிறை நடத்தை பற்றிய தகவலை மறைத்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ததாகக் காவல் ஆய்வாளருக்கு நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸும் போனது.

இப்படிப்பட்ட விவரங்களைத் திரட்டும் வேலை செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே தொடங்க வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பு சொன்ன அன்றைக்கே, சில மணி நேரத்தில் தண்டனையும் அறிவிப்பது நம் நீதிமன்றங்களின் கெட்ட பழக்கம். 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குடும்பப் பின்னணி, படிப்பு, வறுமை, மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை எல்லாம் விசாரணை நீதிமன்றத்தின் முன் வர வேண்டும். ஆகவே பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, மனநல சிகிச்சை எடுத்த ரசீது என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். இலவசச் சட்ட உதவியில் நியமிக்கப்படும் வக்கீல் யார் என்றும் கேளுங்கள். இத்தகைய வழக்குகளுக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ளவரையே பரிசீலிக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் அனோகிலால் தீர்ப்பு.

உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் யாரையும் தூக்கிலிட முடியாது. குடும்பம் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு தானாகவே அங்கு போகும்.

“கொலைகாரனுக்கு எதற்கு இத்தனை வாய்ப்பு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் செங்கல்பட்டு நீதிமன்றம் 2018இல் ஒருவருக்குத் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு பதிவான நேரத்தில் அவருக்கு வக்கீலே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. அவசரத்தில் நடத்திய வழக்கு, குழந்தையை இழந்த பெற்றோருக்கும் நீதி தராமல் போனது.

எல்லா மனுவும் தோற்றபின் கருணை மனு. இங்கேதான் பெரிய ஆபத்து. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு காலக்கெடு வைத்திருக்கிறது: சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்; ஆளுநர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. தகவல் வந்த தேதியை உடனே குறித்து வையுங்கள்.

கருணை மனுவைக் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் அதுவே தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகும் என்பது 2014 ஜனவரியில் தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு சொன்னது. பாலாறு குண்டுவெடிப்பு வழக்கில் வீரப்பனின் கூட்டாளிகள் நால்வர் உட்பட 15 பேரின் தூக்கு அன்று ஆயுளானது. நிராகரிப்பைத் தெரிவித்த பிறகும் தூக்கிலிட 14 நாள் இடைவெளி விட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கட்டளையிட்டது. அடுத்த மாதமே ராஜீவ் கொலை வழக்கில் மூவர் இதே வழியில் தப்பினர்.

2025 ஆகஸ்டில், எல்லாம் முடிந்த வழக்கிலும் மனோஜ் தீர்ப்பின் வழிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்றால், அரசியலமைப்பின் 32ஆம் பிரிவில் மனுப் போட்டுத் தண்டனையை மட்டும் மறுபரிசீலிக்கக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. மனோஜ் தீர்ப்புக்கு முன்பு தூக்கு உறுதியானவர்களின் குடும்பத்தார் இதை இப்போதே வக்கீலிடம் கேட்க வேண்டும்.

சிறையில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.