நரை அணில்

நரை அணில் அல்லது சாம்பல் நிற மலை அணில் (அறிவியல் பெயர்: ரட்டுஃபா மேக்ரூரா) என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் ஒரு பெரிய மர அணில் இனமாகும். இந்தியாவில் இதன் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று, தமிழ்நாட்டின் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களுக்கு மேற்கே உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரமாகும். இவ்வணிலின் பெயரிலேயே 1988ஆம் ஆண்டு இங்கு ஒரு காட்டுயிர் உய்விடம் அமைக்கப்பட்டது.

தோற்றம்

இதன் எடை ஏறத்தாழ 1 முதல் 1.8 கிலோகிராம் வரை இருக்கும். வால் அடர்த்தியானது, நீளத்தில் உடலுக்கு ஏறத்தாழ இணையானது. சாம்பல் கலந்த பழுப்பு மயிரிடையே வெண்மை தெரிவதால் நரைத்தது போலத் தோன்றும், பெயர்க்காரணமும் இதுவே. மலபார் மலை அணில் இதைவிடப் பெரியது. செம்பழுப்பும் கருமையும் கலந்த நிறமுடையது.

வாழிடமும் வாழ்முறையும்

நரை அணில்கள் ஓடைக்கரைக் காடுகளை விரும்புகின்றன. மா, புளி, நாவல் போன்ற மரங்களின் கனி, விதை, தளிர், பட்டை முதலியவற்றை உண்ணும். பகலில் இயங்கும், பெரும்பாலும் தனித்து வாழும், தரைக்கு அரிதாகவே இறங்கும். சுள்ளிகளாலும் இலைகளாலும் ஓர் அணிலே பல கூடுகளைக் கட்டும். அண்டை மரங்களின் கிளைகள் வந்து தொடும் மரத்தையே கூட்டிற்குத் தேர்ந்தெடுக்கும். பருந்தோ கழுகோ தாக்க வந்தால் எத்திசையிலும் தப்பிச் செல்ல இது உதவுகிறது.

அச்சுறுத்தல்கள்

மரக்கிளைகளின் தொடர்ச்சி அறுபடுவதே இவ்விலங்கிற்குப் பெருங்கேடாகும். ஓடைக்கரையில் சில பெருமரங்களை வெட்டினாலும் பாதை துண்டிக்கப்பட்டு அணில் தரையிறங்க நேரிடும். காட்டுத்தீ, மரம் வெட்டுதல், வேட்டை ஆகியனவும் அச்சுறுத்தல்களாகும். ஜஸ்டஸ் ஜோசுவா, ஏ. ஜே. டி. ஜான்சிங் ஆகியோர் இவ்வினத்தின் வாழிடத்தின் மீது இத்தகைய இடையூறுகளின் தாக்கத்தை ஆராய்ந்து 1994இல் கட்டுரை வெளியிட்டனர்.

பாதுகாப்பு

1972ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நரை அணில் இடம்பெற்றுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அச்சுறு நிலையை அண்மித்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திருவில்லிபுத்தூர் உய்விடம், மேகமலை உய்விடத்துடன் இணைக்கப்பட்டு, 2021இல் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வட அமெரிக்காவின் வெண்டலைக் கழுகு, டிடிடி பூச்சிக்கொல்லிக்கு 1972இல் விதிக்கப்பட்ட தடையாலும் சட்டப் பாதுகாப்பாலும் பெருகி, 2007இல் அந்நாட்டின் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நரை அணிலின் மீட்சிக்கு அத்தகைய ஒரு தடை மட்டும் போதாது. வெட்டப்பட்ட பெருமரத்தின் இடத்தில் வைக்கும் கன்று அண்டை மரத்தைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். மேலும், காட்டை ஒட்டிய தனியார் தோப்புகளுக்கும் இவ்வணில்கள் வருவதால், தோப்புகளின் முதிர்ந்த மரங்களும் உழவர்களின் ஒத்துழைப்பும் இன்றியமையாதவை.

காட்டில் காணுதல்

திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு, இவ்வணிலைக் காண்பதற்குப் பெயர் பெற்ற இடமாகும். காலையும் மாலையும் ஏற்ற வேளைகள். கிளைக்கவடுகளில் உள்ள உருண்டையான இலைக்கூடுகள், மரத்தடியில் சிதறிய கனித்துண்டுகள், உரத்த தொடர் ஒலி ஆகியவை இதன் இருப்பை உணர்த்தும். காட்டினுள் செல்ல வனத்துறையின் இசைவு தேவை. உணவு அளிப்பதும் விரட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

மலபார் மலை அணில்
திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்