பழைய எஞ்சினுக்கு மறுவாழ்வு: பட்டறையிலா, தொழிற்சாலையிலா?

சித்தையன்கோட்டையில் நெல் அறுவடை முடிந்தால் மூட்டை ஏற்ற லாரிகள் வந்து நிற்கும். அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. சில நாள்களாக அது மேட்டில் ஏறத் திணறுகிறது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. புகைக்குழாயில் நீலப்புகை வருகிறது. "எஞ்சினை இறக்க வேண்டியதுதான்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டு வழிகள் உள்ளன. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய், எஞ்சின் பட்டறையில் அதே எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யலாம். அல்லது அதைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் மறு உற்பத்தி செய்த வேறோர் எஞ்சினை வாங்கிப் பொருத்தலாம். எது நல்லது? முதலில் நோய் எங்கே என்று பார்ப்போம்.

தேய்மானம் எங்கே?

டாடா லாரிகளில் நெடுங்காலம் ஓடிய '697' எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 6 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மி.மீ. பெயரிலேயே இரண்டும் அடங்கியிருக்கின்றன. பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம் 128 மி.மீ. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 4000 நகர்வுகள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே ஏறத்தாழ 31 கி.மீ. ஓடிவிடுகிறது!

இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம்தான் உராய்வைத் தடுக்கிறது. ஆனால் உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்த இடமும் அதுவே. அங்கே படலம் மெலிந்து, சுவர் அதிகம் தேய்கிறது. கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. அடைபட்ட காற்றை ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக அமுக்கும்போது அது 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகி டீசலைப் பற்றவைக்கிறது. தேய்ந்த இடைவெளியில் காற்று கசிந்தால் சூடு குறையும், ஸ்டார்ட் ஆகாது. ரிங்கைத் தாண்டி எண்ணெய் மேலேறி எரிந்தால் நீலப்புகை!

பட்டறை வழி

நல்ல பட்டறைக்காரர் சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரு திசைகளில் டயல் கேஜால் அளப்பார். பிறகு சற்றே பெரிய விட்டத்துக்குக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவார். லைனர் உள்ள எஞ்சின் என்றால் லைனரையே மாற்றலாம். கிராங்க் ஷாப்டைச் சாணை பிடித்து, தடித்த பேரிங் பொருத்துவார். தேவையானதை மட்டும் மாற்றுவதால் செலவு குறைவு. நீங்கள் அருகிலிருந்து பார்க்கவும் முடியும்.

ஆனால் எல்லாம் அளவில் இருக்கிறது. வெப்பநிலை 100 டிகிரி உயர்ந்தால் 97 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 0.22 மி.மீ. விரியும், இரும்புச் சிலிண்டர் அதில் பாதிதான் விரியும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூடினால் மீண்டும் புகை.

தொழிற்சாலை வழி

பிரான்சில் ரெனோ நிறுவனம் 1949-இலேயே இத்தொழிலைத் தொடங்கியது. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் 1973-இல் இறங்கியது. நம் நாட்டில் டாடா மோட்டார்ஸ் 'புரோலைஃப்' என்ற பெயரில் இதைச் செய்கிறது. திரும்பி வரும் எஞ்சின்களை முழுவதும் பிரித்து, கழுவி, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, தேறாதவற்றைத் தள்ளி, மீண்டும் கோத்து, ஓட்டிப் பார்த்து, உத்தரவாதத்துடன் தருகிறார்கள். மாற்று எஞ்சின் கையிருப்பில் இருந்தால் லாரி நிற்கும் நாள்கள் குறையும். விலை பட்டறைச் செலவைவிட அதிகம். பழைய எஞ்சினையும் ஒப்படைக்க வேண்டும். எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.சி. புத்தகத்திலும் திருத்த வேண்டும்.

எதைத் தேர்வது?

விடை எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. பிளாக்கில் விரிசல் உண்டா? மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூள் பூசினால், விரிசலில் புகுந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். விரிசல் இல்லை, கடைவதற்கு இன்னும் இடம் இருக்கிறது, பட்டறைக்காரர் அளவுகளை எழுதியே தருகிறார் என்றால் பட்டறையே போதும். பிளாக் விரிந்திருந்தாலோ, கடைசி அளவுவரை முன்பே கடைந்திருந்தாலோ, கிராங்க் ஷாப்ட் வெடித்திருந்தாலோ மாற்று எஞ்சினே சிக்கனம். லாரி நிற்கும் நாள்களை ஒருநாள் வருமானத்தால் பெருக்கி, அதையும் பட்டறைச் செலவோடு கூட்டிப் பாருங்கள்.

இரண்டு வழியிலும் ஒரு நன்மை உண்டு. வார்ப்பிரும்பை உருக்க ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பம் வேண்டும். பழைய பிளாக்கைக் காப்பாற்றினால் அந்த எரிபொருள் முழுவதும் மிச்சம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 97 மி.மீ. சிலிண்டரை 97.5 ஆகக் கடைந்தால் எஞ்சினின் கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடும்? சுமார் 1 என்று வந்தால் உங்கள் விடை சரி!