சினமும் ஏதுவும்



1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணேக்கு இந்நாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி ஓடிற்று. அதே தடத்தில் இன்று காலைதோறும் மின்வண்டியில் நெருக்குண்டு செல்லும் நம்மவர்க்குப் பொழுதுபோக்கு வாதம்தான். சில மாதங்களுக்கு முன் என் எதிரில் அமர்ந்திருந்த இரு தமிழன்பர்கள் முலுண்டில் ஒரு வாதத்தைத் தொடங்கினர். ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகும் என்றார் ஒருவர். குர்லா வருவதற்குள் அவர் 'பிழைக்கத் தெரியாதவர்' ஆனார்; மற்றவர் 'தாய்மொழியை விற்றவர்' ஆனார். தாதரில் இருவரும் பேசாமல் இறங்கிச் சென்றனர். பிள்ளையின் தமிழ் என்னவாகும் என்ற வினா மட்டும் வண்டியிலேயே தங்கிவிட்டது.

இவ்வாறு நேராதிருக்க நம் முன்னோர் வழி வகுத்திருந்தனர். மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். நாட்ட விரும்பும் கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. இருவரும் ஒப்பும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். இந்த மலையில் நெருப்பு உண்டு; ஏனெனில் புகை தெரிகிறது; அடுக்களையைப் போல. எங்கள் அடுக்குமாடி வீடுகளில் எரிவாயு அடுப்பில் நெருப்பு உண்டு, புகை இல்லையே என்று என் மகள் ஒருமுறை மடக்கினாள். நல்ல கேள்விதான். ஆனால் புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதே வாதம். நெருப்புள்ள இடமெல்லாம் புகையும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நம் சண்டைகளிற் பாதி இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எழுவனவே.

போலிக் காரணங்கள் பதினான்கு என்று அடிகள் வகுக்கிறார். அவற்றுள் ஒருவகை அநைகாந்திகம்: காட்டிய ஏது நம் பக்கத்திற்கும் அதற்கு மாறானதற்கும் ஒருங்கே பொருந்துவது. ஆங்கிலப் பள்ளியிற் படித்துத் தமிழை மறந்த பிள்ளைகளும் உண்டு. அங்கேயே படித்துத் தமிழில் வல்லவரானோரும் உண்டு. ஆகவே பள்ளி ஒன்றையே ஏதுவாகக் காட்டுவதால் முடிவு பிறக்காது.

உணர்ச்சியே வேண்டா என்பதன்று என் கருத்து. பாண்டியன் அவையில் விரித்த கூந்தலும் பெருகிய கண்ணீருமாக நின்ற கண்ணகியினும் நெஞ்சு கொதித்தவர் யார்? ஆயினும் வழக்கை முடித்தது கண்ணீரன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்றான் அரசன். சிலம்பு உடைபடுவதற்கு முன்பே இருவரும் இதைச் சொல்லிவிட்டனர் என்பதைக் கவனியுங்கள். எது தெறித்தால் யார் கூற்று பொய் என்பது அப்பொழுதே முடிவாகிவிட்டது. மாணிக்கம் தெறித்தபின் அரசன் மறுமொழி தேடவில்லை. அரசியின் ஊடல் தணிக்க விரைந்த மனத்தோடு, பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்றுக் கொலைக்கு ஆணையிட்டவனும் அதே அரசன்தான். அந்தச் சோதனையை ஒரு நாள் முன்னதாகச் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

மொழிபெயர்ப்பு என் அலுவல். ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குப் பெயர்க்கும்போது வசைச் சொற்களும் ஏளனமும் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். காரணம் இருந்தால் அது மட்டும் வந்து சேரும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது கைவந்த உரைகல். உங்கள் வாதத்தை அண்டை வீட்டு மராத்தி நண்பரிடம் அவர் மொழியிற் சொல்லிப் பாருங்கள். 'தாய்மொழியை விற்றவர்' என்றால், யாருக்கு விற்றார், எவ்வளவுக்கு என்று அவர் கேட்பார்.

அந்த அன்பர்கள் இருவரையும் பின்னர் ஒருநாள் சந்தித்தேன். முதல்வரிடம் ஒன்றே கேட்டேன்: எதைக் கண்டால் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? சற்று யோசித்து, "ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைத் தானே படித்தால் ஒப்புக்கொள்கிறேன்" என்றார். மற்றவரும் அதற்கு இசைந்தார். தங்கள் குடியிருப்பில் விசாரித்தனர். ஐந்து பிள்ளைகளில் இருவர் தடையின்றிப் படித்தனர். அவ்விரு வீட்டிலும் மாலையில் அரைமணி நேரம் உடன் அமர்ந்து தமிழ் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் இருந்தார். அதன்பின் வண்டியில் அவர்கள் வாதம் வேறாயிற்று: அந்த அரைமணி யார் வீட்டில், எந்தக் கிழமையில் என்று.