எல்லை தாண்டும் எதுகை

ஒரே சொல்லுக்கு இரண்டு வகுப்பறைகளில் இரண்டு அர்த்தம். நெய்யாற்றின்கரைப் பக்கம் இலக்கியம் படிக்கும் மாணவர்களின் தலைவலி இது.

களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு பஸ்ஸில் சில நிமிடப் பயணம்தான். கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் இந்த எல்லைக் கிராமங்களில் உண்டு. அவர்களில் ஒருவர் தமிழ் இலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தால், முதலில் இடறுவது சங்கப் பாடல்களில் அல்ல, கலைச்சொற்களில்.

அணிகளில் பிரச்சினை இல்லை. உவமை அங்கே உபமை, உருவகம் ரூபகம், தற்குறிப்பேற்றம் உத்பிரேக்ஷை. பெயரை மாற்றிக்கொண்டால் போதும். பெயர் மாறாமல் பொருள் மாறும் சொற்கள்தான் காலை வாரிவிடுகின்றன. 'விருத்தம்' என்றால் மலையாள வகுப்பில் பொதுவாக யாப்பு. கேகை, காகளி, மஞ்சரி எல்லாமே விருத்தங்கள், ஏ.ஆர். ராஜராஜ வர்மாவின் யாப்பு நூலுக்கே 'விருத்தமஞ்சரி' என்றுதான் பெயர். தமிழிலோ விருத்தம் பாவினங்களில் ஒன்று. வெண்பாவை ஒரு விருத்தம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'மணிப்பிரவாளம்' இன்னும் மோசம். தமிழ் மாணவருக்கு அது வைணவ உரையாசிரியர்களின் வடமொழி கலந்த உரைநடை. மலையாள மாணவருக்கு 'உண்ணுநீலி சந்தேசம்' போன்ற கவிதை.

'பாட்டு' என்ற எளிய சொல்கூட மலையாளத்தில் ஒரு இலக்கிய வகையின் பெயர். இதற்கு இலக்கணம் வகுத்தது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'லீலாதிலகம்'. ஆசிரியர் பெயர் தெரியாத இந்த நூல் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. பாட்டில் தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் மட்டுமே வரவேண்டும், எதுகையும் மோனையும் வேண்டும், தனக்கென ஒரு யாப்பும் வேண்டும் என்பது விதி. எதுகை, மோனை ஆகிய தமிழ்ச் சொற்களே அந்தச் சமஸ்கிருதச் சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. உதாரணமாகத் தரப்படும் செய்யுள் திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட அனந்தனை நோக்கியது. நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்! 'ராமசரித'த்தை இந்த இலக்கணத்தை வைத்துத்தான் பாட்டு என்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் அது பெருமளவு புரியும்.

எதுகை அத்தோடு ஓயவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரில் அதன் பெயரால் ஒரு யுத்தமே நடந்தது. பெயர் மட்டும் வேறு: 'துவிதீயாட்சரப் பிராசம்', அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. இது கவிதைக்குக் கட்டாயம் என்ற தரப்புக்குத் தலைமை கேரள வர்மா வலிய கோயித் தம்புரான். அவரது 'மயூர சந்தேசம்' இந்த விதியைக் காத்து எழுதப்பட்டது. எழுத்துக்காகப் பொருளைப் பலியிடக் கூடாது என்று எதிர்த்தவர் அவருடைய உறவினரும் மாணவருமான ராஜராஜ வர்மாவேதான். கே.சி. கேசவ பிள்ளை இந்தப் பிராசம் இல்லாமல் 'கேசவீயம்' என்ற மகாகாவியத்தையே எழுதிக் காட்டினார். மலையாள மாணவர்கள் இந்தச் சண்டையைப் படிக்கிறார்கள். தமிழ் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரப்படும் எதுகைதான் அது என்று யாராவது எடுத்துச் சொன்னால் பாதி பாரம் குறையும். இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்த ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கதைகள் இரண்டு பக்கமும் நின்றன. 17ஆம் நூற்றாண்டில் கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு மோதி மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை வில்லில் பாடப்பட்டது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ணன் நாடார் இத்தகைய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். தமிழ் நாட்டாரியல் நூல்களில் இது 'கதைப்பாடல்'. மலையாள இலக்கிய வரலாற்றில் 'தெக்கன் பாட்டு', அதாவது தெற்கத்திப் பாட்டு. திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் அது தெற்குதான். கணியாகுளத்தில் இருப்பவருக்கு அது உள்ளூர்ப் பாட்டு.