தலைப்பு எங்கே பிறக்கிறது?

கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத் தலைப்புக் கிட்டாமல் திகைத்து அமர்ந்திருப்பது எழுதுவோர் பலரும் அறிந்த துன்பமாகும். “நல்ல தலைப்பை எங்கே தேடுவது?” என்று இளம் ஆசிரியர்கள் என்னை வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்னரே விடை வகுத்துள்ளனர். அதனைச் சிறிது நோக்குவோம்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூல் பெயர் பெறும் முறையைப் பாயிரத்திலேயே கூறுகின்றார். முதனூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை முதலிய காரணங்களாலும், காரணமின்றி இடுகுறியாலும் பெயர் அமையும் என்பது அவர் வகுத்த நெறி. ஆக்கியோனால் பெயர் பெற்றது தொல்காப்பியம். அளவாற் பெயர் பெற்றது நாலடி நானூறு. தன்மையாற் பெயர் பெற்றதற்கு நன்னூலே சான்று. தொடக்கச் சொல்லே பெயராகி நின்ற நூல்களும் உள. நம் பிள்ளைகள் முதலிற் பயிலும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அத்தகையன.

இவற்றினும் நுட்பமான முறையொன்று சங்க நூல்களிற் காணப்படுகின்றது. பாட்டின் உள்ளிருந்தே பெயரை எடுப்பது அம்முறை. பத்துப்பாட்டுள் ஒன்றுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் மலைபடுகடாம் என்றும் இரு பெயர்கள் உண்டு. முன்னது பாட்டின் வகையைச் சொல்லுகிறது. கூத்தரை ஆற்றுப்படுத்தும் எப்பாட்டுக்கும் அது பொருந்தும். பின்னதோ, மலையை யானையாகவும் அங்கே எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் கண்ட புலவரின் தொடர். அது வேறெந்தப் பாட்டுக்கும் பொருந்தாது. நிலைத்து வழங்குவதும் அப்பெயரே.

பதிற்றுப்பத்தில் இன்று கிடைக்கும் 80 பாட்டுகளும் இவ்வாறே உள்ளிருந்து பெயர் பெற்றவை. அவற்றுள் 52ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது அது. போர்க்களத்தில் எவர்க்கும் அஞ்சாத வேந்தன், துணங்கைக் கூத்தில் மகளிரோடு ஆடினான். சினங்கொண்ட அரசி, கையிலிருந்த குவளை மலரை அவன்மீது எறிய ஓங்குகிறாள். அவன் அதனைத் தனக்குத் தருமாறு இரக்கிறான். அவளோ தர மறுக்கிறாள். இப்பாட்டுக்கு ‘வேந்தன் வீரம்’ என்றோ ‘அரசியின் ஊடல்’ என்றோ பெயர் அமையவில்லை. ‘சிறுசெங்குவளை’ என்பதே பெயர். அவன் வீரமும் அவள் சினமும் அச்சிறு மலரில் வந்து கூடுகின்றன அல்லவா?

குறுந்தொகையில் இம்முறை இன்னும் ஒருபடி மேலே செல்லுகிறது. 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. செம்மண்ணிற் பெய்த மழைநீரை அவர் உவமை கூறியதால், செம்புலப்பெயனீரார் என்று அவ்வுவமையே அவருக்குப் பெயராயிற்று.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். ‘என் பாட்டி’, ‘என் பள்ளி’, ‘நான் ஒரு குடை’ என்று கரும்பலகையில் நாமே தலைப்பை எழுதிவிடுகிறோம். முப்பது பிள்ளைகளும் ஒரே பாட்டியைப் பற்றி எழுதித் தருகின்றனர். அவள் அன்பானவள், கதை சொல்லுவாள், முறுக்குச் சுடுவாள்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய தோட்டப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இதற்கு மாறாக எழுதினாள். பால்மரம் வெட்டி ஓய்ந்த அவள் பாட்டி, விளிம்பு உடைந்த பழைய மங்கு ஒன்றை வீட்டில் வைத்திருந்தாராம். மரத்துப் பாலை ஏந்திய அக்கிண்ணத்தில் சில்லறைக் காசுகளைப் போட்டு வைத்து, காலைதோறும் அதிலிருந்து எடுத்துப் பேத்தியின் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பாராம். கட்டுரையின் மேலே ‘மங்கு’ என்று அவளே தலைப்பிட்டிருந்தாள். நான் அதனைச் சிவப்பு மையால் அடித்து, ‘என் பாட்டி’ என்று திருத்தினேன். “சரிங்க சார்” என்று ஏட்டை வாங்கிக்கொண்டு போனாள். அவ்வாண்டு முழுதும் அவள் தானாக ஒரு தலைப்பும் எழுதவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்திற் ‘சிறுசெங்குவளை’யை வியந்து படித்தவன் நான்! சேர அரசியின் கையில் இருந்த மலரைக் கண்டு வியந்தவனுக்கு, தோட்டத்துப் பாட்டியின் மங்கு கண்ணிற் படவில்லை.

தேர்வுக்காகவே தலைப்புக் கொடுத்து எழுதப் பழக்கினோம் என்று நாம் சொல்லி வந்தோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு அந்தச் சாக்கும் இல்லை.

ஆதலின் ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று கூறுவேன். கரும்பலகையில் பொருளை மட்டும் கொடுங்கள். தலைப்புக்கு உரிய இடத்தை வெறுமையாக விடுங்கள். எழுதி முடித்ததும், வேறு எவர் கட்டுரையிலும் வர இயலாத ஒரு சொல்லைத் தம் கட்டுரையில் தேடி அடிக்கோடிடச் சொல்லுங்கள். அதுவே தலைப்பு. அத்தகைய சொல் ஒன்றும் அகப்படாவிட்டால் குறை தலைப்பில் இல்லை; கட்டுரையை மறுமுறை எழுத வேண்டும் என்பதே அதன் பொருள். ஏட்டைத் திருத்தும்போது வேறு எதை அடித்தாலும், பிள்ளை தானே கண்டெடுத்த தலைப்பை மட்டும் அடித்துவிடாதீர்கள்.