சீறும் பூனையும் நடைக்குச் சென்ற நாயும்

நாயைக் கண்டால் பூனை ஓடும். நாய் அதைத் துரத்தும். கதைகளிலும் கேலிச்சித்திரங்களிலும் நாம் பார்த்துப் பழகிய காட்சி இது. ஆனால், சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்ப்பவர்களைக் கேட்டால், சிலர் இதற்கு நேர்மாறான கதையைச் சொல்வார்கள். மாலை நடைக்குக் கிளம்பிய நாய், கீழ்த்தளத் தூணின் மறைவிலிருந்து பாய்ந்து வந்த பூனையிடம் மூக்கில் அடி வாங்கிக்கொண்டு, வாலைச் சுருட்டியபடி மின்தூக்கிக்கே திரும்பிவிட்ட கதை அது.

கேட்கும்போது சிரிப்பு வரும். எனினும் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தி அன்று. பூனையின் நகம் நாயின் கண்ணில் ஆழமாகப் பட்டால் பார்வை பாதிக்கப்படலாம். மறுபுறம், பூனையைப் பற்றிப் புகார்கள் பெருகினால் அது வாழ்ந்துவந்த இடத்தையே இழக்க நேரிடலாம். இடையில், நாய் வளர்ப்பவரும் பூனைக்கு உணவிடுபவரும் முகம் கொடுத்துப் பேசாத அண்டைவீட்டாராக மாறிவிடுவதும் உண்டு.

முதலில், நாயைப் பார்த்துப் பூனைக்கு இவ்வளவு துணிச்சல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இதற்கு ஓர் எளிய காரணம் நம் வீடமைப்பு விதிகளிலேயே இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றைத்தான் வளர்க்கலாம். அத்தகைய நாய்கள் பெரும்பாலும் 10 கிலோகிராமைத் தாண்டுவதில்லை. சிவாவா போன்றவை 3 கிலோகூட இருப்பதில்லை. நன்கு வளர்ந்த பூனையின் எடையோ 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். ஆகவே, எடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பூனைக்கு உள்ளிழுத்து நீட்டக்கூடிய கூர்மையான நகங்கள் உண்டு. நாய்க்கு அவை கிடையாது. போதாக்குறைக்கு நாய் வாரால் கட்டப்பட்டிருக்கிறது. பூனைக்கு அந்தக் கட்டு இல்லை.

நாம் அன்றாடம் காணும் இந்தப் பூனைகளை ‘சமூகப் பூனைகள்’ என்று அழைக்கிறோம். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குச் சொந்தமாக இல்லாவிட்டாலும், அக்கம்பக்கத்தார் தரும் உணவை உண்டு அவை ஒரே இடத்தில் வாழ்கின்றன. லிட்டில் இந்தியாவில் காலை வேளையில் நடந்தால் இவற்றைப் பார்க்கலாம். கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒன்று படுத்திருக்கும். பின்சந்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் இன்னொன்று அமர்ந்திருக்கும். இந்த வட்டாரத்திற்கு விலங்குகள் புதியவை அல்ல. ஒரு காலத்தில் இங்கு மாட்டு வணிகம் செழித்திருந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற இரண்டு பெயர்களுமே எருமையைக் குறிப்பவைதாம். ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மலாய். மாடுகள் போய்விட்டன; பூனைகள் தங்கிவிட்டன. ஐந்தடிப் பாதை பெயருக்கேற்பக் குறுகலானது. சரக்குப் பெட்டிகளும் வாடிக்கையாளர்களும் நிறைந்திருக்கும்போது, நாயோடு வருபவர் பூனையைச் சுற்றிக்கொண்டு போக இடம் இருக்காது. மோதல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நெருக்கடியான இடங்களில்தான் நிகழ்கின்றன.

“தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை” என்பது பழமொழி. தன் இடத்தில் இருக்கும் பூனை உண்மையிலேயே யானையாகிவிடுகிறது. பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனித்து வேட்டையாடி வாழ்ந்தது. கூட்டமாக வாழும் விலங்கு காயம்பட்டால் மற்றவை கொண்டுவரும் இரையில் பங்கு கிடைக்கலாம். தனித்து வாழும் விலங்கு காயம்பட்டால் பட்டினிதான். அதனால், தனக்கென ஓரிடத்தை வைத்துக்கொண்டு, அங்கே வேறு விலங்குகள் வராமல் பார்த்துக்கொள்வது அதற்கு உயிர்ப்பிரச்சினை. கன்னத்தைத் தூணில் உரசியும், சிறுநீர் தெளித்தும் அது தன் எல்லையைக் குறித்து வைக்கிறது. அந்தத் தூணருகே நம் நாய் வந்து நின்று, சாவகாசமாக மோப்பம் பிடித்து, காலைத் தூக்கினால் பூனைக்கு எப்படி இருக்கும்?

ஆனாலும் பூனைகள் எப்போதும் எல்லைச் சண்டையிலேயே இருப்பதில்லை. பூனைகளின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் பால் லைஹவுசன், ஒரே பாதையைப் பல பூனைகள் வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்துவதைக் கண்டறிந்தார். ஒன்று போகும்வரை மற்றொன்று தள்ளி அமர்ந்து காத்திருக்குமாம். ஒரே விளையாட்டுத் திடலை முன்பதிவு செய்து மாறி மாறிப் பயன்படுத்தும் நம்மைப் போலத்தான்! இந்தச் செய்தி நமக்கும் பயன்படும். நடைக்குச் செல்லும் நேரத்தை அரை மணி நேரம் தள்ளிவைத்தாலே சில பூனைகளைச் சந்திக்காமல் தவிர்க்கலாம். குறிப்பாக, பூனைக்கு உணவு வைக்கப்படும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

நேற்றுவரை அமைதியாக இருந்த பூனை இன்று திடீரென்று பாய்கிறது என்றால், அருகில் குட்டிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாய்ப்பூனை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய நாயையும் எதிர்க்கத் தயங்காது. குட்டிகள் பால்குடியை மறக்க ஏறத்தாழ 8 வாரங்கள் ஆகும். அதுவரை நாயைக் கட்டடத்தின் மறுபக்கம் அழைத்துச் சென்றால், பல நேரங்களில் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். வேறொரு காரணமும் உண்டு. இரண்டு பூனைகள் சண்டையிட்டு ஓய்ந்த சில நிமிடங்களில் நாம் அந்தப் பக்கம் போனால், தோற்ற பூனையின் கோபம் நம் நாயின்மீது திரும்பலாம். அலுவலகத்தில் திட்டு வாங்கியவர் வீட்டில் எரிந்து விழுவது போன்றது இது.

பூனை முன்னறிவிப்பு இல்லாமல் தாக்கும் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. காயப்படுவதை விரும்பாத விலங்கு என்பதால், சண்டையைத் தவிர்க்கவே பூனை முதலில் முயல்கிறது. முதுகை வில்லாக வளைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, உரோமத்தைச் சிலிர்த்து, தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும். குளிரிலும் அச்சத்திலும் நம் உடலில் மயிர்க்கூச்செறிகிறதே, அதே வகைத் தசைகள்தாம் பூனையின் வாலையும் புட்டித் தூரிகைபோல ஆக்குகின்றன. இந்நிலையில் உள்ள பூனை பயந்திருக்கிறது. விலகிச் செல்ல வழி கிடைத்தால் போய்விடும். அதிகம் கவனிக்க வேண்டியது வேறொரு தோற்றம். காதுகள் தலையோடு ஒட்டிப் பின்னால் படிந்திருக்கும்; உடல் தரையோடு தாழ்ந்திருக்கும்; வாலின் நுனி இப்படியும் அப்படியும் துடிக்கும்; கண்கள் நாயைவிட்டு அகலா. அடித்தொண்டையிலிருந்து உறுமல் எழும். சீறுவதோடு நிற்காமல் பூனை இப்படி உறுமத் தொடங்கினால், அடுத்தது பாய்ச்சலாக இருக்கலாம்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? உடனே நின்றுவிட வேண்டும். வாரைக் கையில் சுற்றிச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கழுத்து இறுகும்படி இழுக்கக் கூடாது. வார் இறுகினால் நாய் மேலும் பதற்றமடைந்து குரைக்கும். குரைத்தால் பூனையும் மிரளும். (நீண்டுகொண்டே போகும் சுருள் வார், கீழ்த்தளத்திற்கு ஏற்றதன்று. நாய் 5 மீட்டர் முன்னால் போய்த் தூணைச் சுற்றித் திரும்பும்போதுதான் அங்கே பூனை இருப்பது நமக்குத் தெரியவரும்.) பிறகு, நாய்க்கும் பூனைக்கும் நடுவில் நாம் வந்து நின்றுகொள்ள வேண்டும். பூனையை முறைத்துப் பார்க்கக் கூடாது. பூனையின் மொழியில் முறைப்பது சண்டைக்கு அழைப்பதாகும். முதுகைக் காட்டி ஓடவும் கூடாது. ஓடும் எதையும் துரத்தத் தூண்டுவது வேட்டை விலங்கின் இயல்பு. வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். பூனை தப்பிச் செல்லும் வழியை நாம் அடைத்துக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சுவருக்கும் நமக்கும் நடுவில் சிக்கிய பூனைக்குப் பாய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நம் ஊரில் பலர் கையிலும் குடை இருக்கும். அதைவிடச் சிறந்த கருவி இதற்குக் கிடையாது. குடையைத் தாழ்வாகப் பிடித்து விரித்தால் அது கேடயமாகிவிடும். பூனையால் நாயைப் பார்க்க முடியாது. நாயாலும் பூனையைப் பார்க்க முடியாது. பார்வை மறைந்ததும் இரண்டின் வேகமும் தணியும். சில நாய்கள் பூனையைவிடக் குடைக்கு அதிகம் பயப்படும் என்பதால், வீட்டிலேயே ஓரிரு முறை விரித்துக் காட்டிப் பழக்கிவிடுவது நல்லது.

சிறிய நாயைத் தூக்கிக்கொள்ளலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. பூனை தொலைவில் இருக்கும்போதே தூக்கிக்கொண்டு விலகினால் தவறில்லை. பூனை பாய்ந்து வந்த பிறகு தூக்கினால், அது நாயை எட்டுவதற்காக நம் கால்மீதோ கைமீதோ ஏறும். நாயைத் தாக்கவேண்டிய நகம் நம் முகத்தில் படும். அந்த நிலையில் உரத்த குரலில் கத்துவது, கையிலுள்ள பையை நடுவில் போடுவது, தண்ணீர் இருந்தால் தெளிப்பது ஆகியவையே பாதுகாப்பானவை. சண்டைக்குள் கையை மட்டும் நுழைக்கக் கூடாது. பூனையை உதைப்பதும் அடிப்பதும் கொடுமை மட்டுமல்ல, குற்றமும் ஆகும். விலங்குவதை செய்பவருக்கு, முதன்முறையாக இருந்தாலும், $15,000 வரை அபராதமோ 18 மாதங்கள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கடியோ கீறலோ பட்டுவிட்டால் சிறு காயம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பூனையின் பல் ஊசிபோல மெல்லியது. அது ஏற்படுத்தும் துளை வெளியே சிறியதாகத் தெரிந்தாலும், வாயிலுள்ள கிருமிகளை ஆழத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மேல்தோல் விரைவில் மூடிக்கொள்வதால் அவை உள்ளேயே பெருகும். காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் சில நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கையில் பட்ட கடி என்றால் அன்றைக்கே போவது நல்லது. நாயின் உரோமத்திற்குள் மறைந்திருக்கும் கடி, இரண்டு மூன்று நாள்களுக்குப் பிறகு சீழ்க்கட்டியாக வீங்கலாம். நாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டோ தேய்த்துக்கொண்டோ இருந்தால், காத்திருக்காமல் விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் இந்தியாவில் அந்நோய் இன்னும் இருக்கிறது. விடுமுறைக்குத் தமிழ்நாட்டிற்குப் போகும்போது பூனையோ நாயோ கடித்தால், உடனே தடுப்பூசி போட்டுக்கொள்வதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒரே பூனை திரும்பத் திரும்பத் தாக்கினால், பூனைக்கு மணி கட்டுவது யார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதலில், அதற்கு உணவிடுபவர் யார் என்று கண்டறிந்து பேசிப் பார்க்கலாம். உணவு வைக்கும் இடத்தை மின்தூக்கிக்கு அருகிலிருந்து புல்வெளியின் ஓரத்திற்கு மாற்றினாலே நிலைமை பெரிதும் மாறக்கூடும். அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்யப்பட்டிருக்கிறதா என்றும் அவரிடம் கேட்கலாம். கருத்தடை செய்த சமூகப் பூனையின் ஒரு காது நுனி சற்று வெட்டப்பட்டிருக்கும்; தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் அது. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள் பொதுவாகக் குறைவாகவே சண்டையிடும். பெண் பூனைகளுக்குப் பாதுகாக்கக் குட்டிகள் இருக்கமாட்டா.

இந்த வழிமுறைக்குச் சிங்கப்பூரில் ஒரு வரலாறு உண்டு. 1998ஆம் ஆண்டில் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் திட்டம் தொடங்கியது. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவிய காலத்தில் அது நிறுத்தப்பட்டு, பூனைகள் பிடிக்கப்பட்டன. விலங்கு ஆர்வலர்கள் அதை எதிர்த்தனர். 2011ஆம் ஆண்டில் கருத்தடைத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு பூனையை அகற்றினால் அந்த இடத்திற்குப் புதிய பூனை வந்துவிடுவது வழக்கம். கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டால், அது தன் இடத்தைக் காத்துக்கொண்டு அமைதியாக வாழும். பிறகு 2024 செப்டம்பர் 1ஆம் தேதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 30 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த தடை நீங்கியது. இப்போது ஒரு வீட்டில், உரிமம் பெற்று, நுண்சில்லு பொருத்தி, இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஆகவே, உங்கள் நாயிடம் சீறுவது யாரோ ஒருவரின் வீட்டுப் பூனையாகவும் இருக்கக்கூடும். அப்படியானால் அதை வெளியே திரியவிடாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. பேச்சில் தீராதபோது, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவிடமோ, ஒன்சர்விஸ் செயலி வழியாகவோ தெரிவிக்கலாம். எந்த புளோக், எத்தனை மணி, காது நுனி வெட்டப்பட்டிருந்ததா என்பன போன்ற விவரங்களைக் குறிப்பிட்டால், வருபவர்கள் சரியான பூனையைத் தேட முடியும். ‘பூனைத் தொல்லை’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பக்கத்துப் பூனைகள் எல்லாமே சந்தேகத்திற்கு உள்ளாகும்.

நாயையும் பழக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை அடிபட்ட நாய், பிறகு எந்தப் பூனையைக் கண்டாலும் முந்திக்கொண்டு குரைக்கத் தொடங்கும். பூனை கண்ணில் படும், ஆனால் நாய் இன்னும் பதறாத தொலைவில் நின்று, அது உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். முதல் வாரத்தில் வாகன நிறுத்துமிடத்தின் மறுகோடியில் நிற்க வேண்டியிருக்கலாம். சில வாரங்களில் அந்த இடைவெளி மெல்லக் குறையும். தூணருகே பூனை படுத்திருக்க, நாய் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்பண்டத்துக்காக உங்கள் கையைப் பார்க்கும்.