காஞ்சிபுரம் மேயரை தேர்ந்தெடுத்தது யார்? நீங்க போட்ட ஓட்டு எங்கே போச்சு?

"மேயருக்கு நான் ஓட்டே போடலையே!" காஞ்சிபுரத்தில் யார் இப்படிச் சொன்னாலும் அது உண்மைதான். ஏன்னு பார்க்கலாம்.

ஓட்டு யாருக்கு?

மாநகராட்சியான பிறகு காஞ்சிபுரத்தில் முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. மொத்தம் 51 வார்டுகள். வேட்பாளர் ஒருவர் இறந்ததால் ஒரு வார்டில் மட்டும் தேர்தல் தள்ளிப்போனது. பிப்ரவரி 22-ல் வந்த முடிவில் பெரும்பான்மை திமுகவுக்கு. ஆனா மக்கள் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்களை மட்டும்தான்.

மேயர் எப்படி வந்தார்?

இங்கே மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் ஓட்டு போட்டு, திமுகவின் மகாலட்சுமி யுவராஜை மேயராக்கினார்கள். துணை மேயர், காங்கிரஸின் குமரகுருநாதன்.

பிடிக்கலைன்னா நீக்கலாமா?

அதுவும் கவுன்சிலர்கள் கையில்தான். மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஆனா, 2024 ஜூலை 29-ல் நடந்த கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வரலை. தீர்மானம் தோற்றது, மேயர் பதவி தப்பியது.

நமக்கு என்ன பாடம்?

மேயரைக் கொண்டுவருவதும் இறக்குவதும் உங்க வார்டு கவுன்சிலர்தான். அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவரிடம் குடிநீர், சாக்கடையோடு இதையும் கேளுங்க: "மேயர் தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்கு?"